கொழுப்பைக் குறிவைக்கும் மருந்து கொழுப்புக்குள்ளேயே வருகிறது! - கறுப்புப் பூஞ்சை ஊசியும் செல் சவ்வின் ரகசியமும்

2021 மே மாதம். கொரோனா இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தது. ஆக்சிஜன் படுக்கைக்கும் ரெம்டெசிவிருக்கும் அலைந்துகொண்டிருந்த குடும்பங்களின் வாட்ஸ்அப்பில், திடீரென்று இன்னொரு மருந்தின் பெயர் சுற்ற ஆரம்பித்தது. 'லைபோசோமல் ஆம்போடெரிசின் பி.' வாயில் நுழையாத அந்தப் பெயரை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, மெடிக்கல் ஷாப் மெடிக்கல் ஷாப்பாக ஏறி இறங்கியவர்கள் ஏராளம்.

காரணம், மியூகோர்மைகோசிஸ் எனப்படும் கறுப்புப் பூஞ்சைத் தொற்று. மூக்கில் தொடங்கி, சைனஸ், கண், மூளை என்று பரவும் நோய். அந்த மே மாதத்திலேயே தமிழக அரசு இதை, மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. 2021 ஜூலையில் மத்திய அரசு தெரிவித்த கணக்குப்படி, நாடு முழுக்க 45,000-க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டு, 4,300-க்கும் அதிகமானோர் உயிரிழந்திருந்தார்கள்.

சிகிச்சைக்குத் தேவைப்பட்ட அளவும் மலைக்க வைத்தது. கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம். ஒரு குப்பியில் இருப்பது 50 மில்லிகிராம்தான். ஆக, தினமும் 6 குப்பிகள். அதுவும் வாரக்கணக்கில்!

இத்தனைக்கும் ஆம்போடெரிசின் புது மருந்து அல்ல. 1950-களிலேயே வந்துவிட்டது. சாதாரண ஆம்போடெரிசின் விலையும் குறைவு. அப்படியிருந்தும் முடிந்தவரை 'லைபோசோமல்' வகையையே வாங்கி வரும்படி டாக்டர்கள் ஏன் சொன்னார்கள்? அந்த ஒற்றைச் சொல்லில் அப்படி என்ன இருக்கிறது?

பதில், நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் மெல்லிய கொழுப்புத் திரையில் இருக்கிறது.

தண்ணீர் பிடிக்கும் தலை, தண்ணீர் பிடிக்காத வால்

'உனக்குக் கொழுப்பு ஜாஸ்தி' என்று யாரையாவது திட்டுவோம். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் கொழுப்பு என்ற வார்த்தையைப் பார்த்தாலே பயப்படுவோம். ஆனால், கொழுப்பு இல்லையென்றால் செல் என்ற ஒன்றே இல்லை.

ரசத்தில் தாளித்துக் கொட்டிய எண்ணெயைக் கவனித்திருப்பீர்கள். எவ்வளவு கலக்கினாலும் வட்ட வட்டமாக மேலே வந்து மிதக்கும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஒட்டாது.

செல் சவ்வில் இருக்கும் கொழுப்பு கொஞ்சம் வித்தியாசமானது. பாஸ்போலிப்பிட் என்று பெயர். இதன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலையும் இரண்டு வால்களும் உண்டு. தலையில் பாஸ்பேட் இருப்பதால் அதற்குத் தண்ணீர் பிடிக்கும். வால்கள் எண்ணெய் மாதிரி. அவற்றுக்குத் தண்ணீர் ஆகாது. முட்டை மஞ்சள் கருவில் நிறைய இருக்கும் லெசித்தின் இந்த ரகம்தான். மயோனைஸில் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் பிரியாமல் ஒன்றாக நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த மூலக்கூறுகளைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும்? வால்கள் தண்ணீரிலிருந்து தப்பிக்கப் பார்க்கும். தலைகள் தண்ணீரை நோக்கித் திரும்பும். இரண்டும் நடக்க ஒரு எளிய வழி உண்டு. இரண்டு வரிசைகளாக நின்று, வால்களை உள்பக்கமாகவும் தலைகளை வெளிப்பக்கமாகவும் வைத்துக்கொள்வது. யாரும் கட்டத் தேவையில்லை. தண்ணீர் இருந்தால் போதும், தானாகவே இந்த இரட்டை அடுக்கு உருவாகிவிடும். அதுதான் செல் சவ்வின் அடிப்படை.

இதன் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். சாதாரணக் காகிதம் ஒன்றின் தடிமனுக்கு இப்படிப்பட்ட சவ்வுகளை ஏறக்குறைய 20,000 எண்ணிக்கையில் அடுக்க வேண்டியிருக்கும். அவ்வளவு மெல்லிசு. இந்தத் திரைதான் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கசியாமலும், வெளியே இருக்கும் சோடியம் உள்ளே வெள்ளமாகப் பாயாமலும் பார்த்துக்கொள்கிறது. ஆக்சிஜன் மாதிரியான சிறிய வாயுக்கள் இதன் வழியாகச் சுலபமாகப் போய்விடும். சர்க்கரைக்கும் உப்புக்கும் அனுமதி இல்லை. அவற்றுக்காகவே சவ்வில் புரதக் கதவுகள் தனியாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன.

ரத்த செல்லும் இரண்டு மடங்குக் கணக்கும்

இப்படி இரண்டு அடுக்கு இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர்கள் நெதர்லாந்தின் லெய்டன் நகரைச் சேர்ந்த கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரண்டு விஞ்ஞானிகள். ஆண்டு 1925.

அவர்கள் செய்தது இதுதான். ரத்தச் சிவப்பு அணுக்களிலிருந்து கொழுப்பை மட்டும் பிரித்தெடுத்தார்கள். அதைத் தண்ணீர்மேல் ஒரே அடுக்காகப் பரப்பினார்கள். அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று அளந்தார்கள். பிறகு, அத்தனை சிவப்பு அணுக்களின் மேற்பரப்பையும் கணக்கிட்டு ஒப்பிட்டார்கள். கொழுப்பு அடைத்த இடம் அணுக்களின் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. அப்படியென்றால் ஒவ்வோர் அணுவையும் கொழுப்பு இரண்டு அடுக்காகப் போர்த்தியிருக்க வேண்டும்!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அவர்கள் கொழுப்பை முழுசாகப் பிரித்தெடுக்கவில்லை. அணுக்களின் மேற்பரப்பையும் குறைவாகவே மதிப்பிட்டிருந்தார்கள். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டதால் சரியான விடை கிடைத்தது.

இந்தச் சவ்வு சுவர் மாதிரி அசையாமல் நிற்பது இல்லை என்பது பின்னால் தெரிந்தது. 1972-ல் சிங்கர், நிக்கல்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள், சவ்வு ஒரு திரவம்போல ஓடிக்கொண்டே இருக்கிறது, புரதங்கள் அதில் மிதக்கின்றன என்று விளக்கினார்கள். ஒரு கொழுப்பு மூலக்கூறு தன் பக்கத்து மூலக்கூறுடன் ஒரே விநாடியில் லட்சக்கணக்கான முறை இடம் மாறிக்கொள்கிறது. திருவிழாக் கூட்டம் மாதிரி. எல்லோரும் நகர்ந்துகொண்டே இருப்பார்கள், ஆனாலும் கூட்டம் கலையாது.

பக்கவாட்டில் இவ்வளவு ஓட்டம். ஆனால், உள் அடுக்கிலிருந்து வெளி அடுக்குக்குத் தாவுவது மட்டும் அபூர்வம். அதனால் எந்தக் கொழுப்பு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை செல் கவனமாகப் பராமரிக்கிறது. உதாரணமாக, பாஸ்படைடில்செரின் என்ற கொழுப்பு எப்போதும் உள்பக்கம்தான் இருக்கும். ஆயுள் முடிந்த செல்லில் அது வெளிப்பக்கம் வந்துவிடும். அதைப் பார்த்ததும், 'இதன் வேலை முடிந்துவிட்டது' என்று புரிந்துகொண்டு, துப்புரவு செல்கள் வந்து அதை விழுங்கிவிடும்.

தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும்

மார்கழி மாதம் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் திறந்தால் உறைந்து கிடக்கும். பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் அப்படியே ஓடும். தேங்காய் எண்ணெயில் இருப்பவை பெரும்பாலும் நேரான வால்கள். விறகைக் கட்டுக் கட்டாக அடுக்குவது மாதிரி அவை நெருக்கமாக அடுங்கிவிடும். நல்லெண்ணெயில் வளைந்த வால்கள் அதிகம். வளைந்த குச்சிகளை நெருக்கி அடுக்க முடியாது அல்லவா?

செல் சவ்விலும் இதே விதிதான். நேர் வால்கள் அதிகமானால் சவ்வு விறைத்துவிடும். வளைந்த வால்கள் அதிகமானால் தளர்ந்துவிடும். குளிர்ந்த நீரில் வாழும் மீன்கள், தங்கள் சவ்வில் வளைந்த வால்களைக் கூட்டிக்கொண்டு விறைப்பைச் சமாளிக்கின்றன.

நம் உடம்பு இதற்கு இன்னொரு ஆளையும் வேலைக்கு வைத்திருக்கிறது. அவர்தான் கொலஸ்ட்ரால். பாஸ்போலிப்பிட் வால்களுக்கு நடுவே செருகி நின்று, தளர்ந்த சவ்வை இறுக்கிப் பிடிக்கும். விறைக்கப் பார்க்கும் சவ்வை நெருங்கிக் கட்டியாகிவிடாமல் விலக்கி வைக்கும். ரத்தக் குழாயில் படிந்து மாரடைப்புக்குக் காரணமாகும் அதே கொலஸ்ட்ரால்தான், செல் சவ்வில் இந்த வேலையைச் செய்கிறது. (அதற்காக பரோட்டா, பஜ்ஜி என்று வெளுத்துக்கட்ட வேண்டாம். செல்லுக்குத் தேவையான கொலஸ்ட்ராலை உடம்பே தயாரித்துக்கொள்ளும்!)

பூஞ்சையின் பலவீனம்

இனி கறுப்புப் பூஞ்சைக்கு வருவோம்.

பாக்டீரியாவைக் கொல்ல ஏகப்பட்ட மருந்துகள் இருக்கின்றன. பூஞ்சைக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய மருந்துக் குடும்பங்கள்தான். ஏனென்றால், பாக்டீரியா நமக்கு மிகத் தூரத்துச் சொந்தம். அதன் செல்லில் இருக்கும் பல பாகங்கள் நம் செல்லில் கிடையாது. எனவே, நம்மைத் தொடாமல் அதை மட்டும் தாக்குவது எளிது. பூஞ்சையோ நமக்குக் கொஞ்சம் நெருங்கிய சொந்தம். அதன் செல்லுக்குள் நடப்பதில் பெரும்பகுதி நம் செல்லுக்குள் நடப்பதுபோலவேதான் இருக்கும். பூஞ்சையைத் தாக்கும் மருந்து நம்மையும் பதம் பார்த்துவிடும்.

ஆனால், சவ்வில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நம் செல் சவ்வில் கொலஸ்ட்ரால் செய்யும் வேலையைப் பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டீரால் என்ற கொழுப்பு செய்கிறது. இரண்டும் அக்கா தங்கை மாதிரி. எர்கோஸ்டீராலில் இரண்டு இரட்டைப் பிணைப்புகளும் ஒரு மீத்தைல் தொகுதியும் கூடுதல். வித்தியாசம் அவ்வளவுதான். அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஆம்போடெரிசின் வேலை செய்கிறது.

இந்த மருந்தை ஆய்வுக்கூடத்தில் யாரும் வடிவமைக்கவில்லை. வெனிசுவேலாவின் ஓரினோகோ ஆற்றுப் பகுதியில் எடுத்த மண்ணில் வாழ்ந்த ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற பாக்டீரியா இதைத் தயாரித்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவன விஞ்ஞானிகள் 1950-களின் நடுவில் அதைப் பிரித்தெடுத்தார்கள்.

ஆம்போடெரிசின் பூஞ்சையின் சவ்வைத் தேடிப் போய் எர்கோஸ்டீராலைப் பிடித்துக்கொள்ளும். சவ்வில் அது ஓட்டை போடுகிறது, அதன் வழியே பொட்டாசியம் கசிந்து பூஞ்சை சாகிறது என்றுதான் பாடப் புத்தகங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தன. 2014-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று கதையைக் கொஞ்சம் மாற்றியது. மருந்து மூலக்கூறுகள் சவ்வின்மேல் கூட்டமாக உட்கார்ந்து, பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதுபோல எர்கோஸ்டீராலை வெளியே உறிஞ்சிவிடுகின்றன. ஓட்டை விழுவது கூடுதல் சேதம்தான். எர்கோஸ்டீரால் போய்விட்டாலே பூஞ்சையால் உயிர்வாழ முடியாது என்றது அந்த ஆய்வு.

காப்பாற்றும் மருந்து, கிட்னிக்கு எமன்

சிக்கல் இங்கேதான். எர்கோஸ்டீராலும் கொலஸ்ட்ராலும் ஏறக்குறைய ஒரே சாயல் என்பதால், ஆம்போடெரிசின் சில நேரம் ஆள் மாறாட்டம் செய்துவிடும். எர்கோஸ்டீரால்மேல் அதற்குப் பிடிப்பு அதிகம்தான். ஆனாலும் கொலஸ்ட்ராலையும் விட்டுவைப்பதில்லை. அதிகம் அடிவாங்குவது சிறுநீரகம்.

இன்னொரு தலைவலி, இந்த மருந்து தண்ணீரில் கரையாது. நரம்பில் ஏற்ற வேண்டும் என்பதற்காக டிஆக்ஸிகோலேட் என்ற பித்த உப்போடு சேர்த்துக் கரைத்துக் கொடுத்தார்கள். அதுதான் பழைய, விலை குறைந்த ஆம்போடெரிசின். ஊசி ஏறியதும் குளிர்நடுக்கம், காய்ச்சல், வாந்தி. நாள்கள் போகப்போக கிரியேட்டினின் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பூஞ்சை முழுசாகச் சாவதற்குள் சிறுநீரகத்துக்காக மருந்தைக் குறைக்கவோ, நிறுத்தவோ வேண்டிய நிலை பலருக்கு வரும். கறுப்புப் பூஞ்சை வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் சர்க்கரை நோயாளிகள். ஏற்கெனவே சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. அதனால்தான் டாக்டர்கள் 'லைபோசோமல்' என்று அழுத்திச் சொன்னார்கள்.

மைக்ரோஸ்கோப்பில் தெரிந்த கொழுப்புக் குமிழ்

லைபோசோம் என்பது என்ன? செயற்கையாகச் செய்த ஒரு குட்டி செல் சவ்வு.

1960-களின் தொடக்கம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரஹாம் ஆய்வு நிலையத்தில் அலெக் பாங்ஹம் என்ற விஞ்ஞானி, முட்டை லெசித்தின் போன்ற பாஸ்போலிப்பிட்டுகளைத் தண்ணீரில் கலந்து, புதிதாக வந்திருந்த எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். குட்டிக் குட்டிக் குமிழ்கள் தெரிந்தன. ஒவ்வொன்றின் சுவரும் செல் சவ்வு மாதிரியே இரட்டை அடுக்கு. உள்ளே தண்ணீர் சிறைப்பட்டிருந்தது. சக விஞ்ஞானிகள் விளையாட்டாக 'பாங்ஹசோம்' என்றுகூட அழைத்தார்கள். பிறகு நிலைத்த பெயர்தான் லைபோசோம்.

குமிழுக்குள் தண்ணீர் நிற்கும் என்றால் மருந்தும் நிற்கும் அல்லவா? ஆம்போடெரிசினுக்கு இது இன்னும் பொருத்தமாக அமைந்தது. தண்ணீரில் கரையாத அந்த மருந்து, குமிழின் கொழுப்புச் சுவருக்குள்ளேயே சொகுசாக உட்கார்ந்துகொண்டது. 1980-களில் புற்றுநோயாளிகளுக்கு வந்த பூஞ்சைத் தொற்றுகளில் இதைப் பரிசோதித்தார்கள். 1990-ல் ஐரோப்பாவிலும் 1997-ல் அமெரிக்காவிலும் லைபோசோமல் ஆம்போடெரிசின் அனுமதி பெற்றது.

அந்தக் குமிழின் சுவர் எதனால் ஆனது தெரியுமா? சோயாவிலிருந்து எடுத்துப் பதப்படுத்திய லெசித்தின், இன்னொரு பாஸ்போலிப்பிட், கூடவே கொலஸ்ட்ரால்! குளிர்கால தேங்காய் எண்ணெயைப்போல, நேரான வால்களைத் தேர்ந்தெடுத்து, கொலஸ்ட்ராலையும் சேர்த்து சுவரைக் கெட்டியாக்கினார்கள். இதனால் ரத்தத்தில் பயணிக்கும்போது குமிழ் உடைவதில்லை. மருந்தும் வழியில் சிந்திச் சிறுநீரகத்தைத் தாக்குவது குறைகிறது. பூஞ்சை இருக்கும் இடத்தை அடைந்ததும், கொலஸ்ட்ராலைவிடத் தனக்குப் பிடித்த எர்கோஸ்டீரால் கண்ணில் பட, மருந்து குமிழை விட்டுவிட்டு அங்கே தாவிவிடுகிறது. சிறுநீரகத்துக்கு ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால், பழைய மருந்தோடு ஒப்பிட்டால் பெரிய நிம்மதி.

பீகாரில் ஒரே ஊசியில் வந்த மாற்றம்

கொரோனாவுக்கு முன்பே இந்தக் குமிழ், இந்தியாவில் இன்னொரு பெரிய வேலையைச் செய்திருக்கிறது. மணல் ஈ கடிப்பதால் பரவும் காலா அசார் நோய், பீகாரின் ஏழைக் கிராமங்களைப் பல தலைமுறைகளாக வாட்டிவந்தது. அதற்குக் காரணமான லெய்ஷ்மேனியா ஒட்டுண்ணியின் சவ்விலும் எர்கோஸ்டீரால் வகைக் கொழுப்புதான் இருக்கிறது. எனவே, ஆம்போடெரிசின் அதையும் கொல்லும்.

ஆனால் பழைய மருந்து என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் 15 முறை ஏற்ற வேண்டும். அதாவது, 29 நாள்கள் ஆஸ்பத்திரி. தினக்கூலியை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அது முடிகிற காரியமா? பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஷ்யாம் சுந்தர் குழு, லைபோசோமல் ஆம்போடெரிசினை ஒரே ஒரு முறை, கிலோவுக்கு 10 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தது. 2010-ல் வெளியான அந்த ஆய்வில், 95 சதவிகிதத்துக்கும் அதிகமானோர் குணமடைந்திருந்தார்கள். 15 ஊசி போட்டவர்களுக்குக் கிடைத்ததும் ஏறக்குறைய அதே பலன்தான். 2014-லிருந்து இந்திய அரசின் காலா அசார் ஒழிப்புத் திட்டத்தில் இந்த ஒரே டோஸ் சிகிச்சைதான் முதல் தேர்வு.

தட்டுப்பாடு ஏன் வந்தது?

மாத்திரையை அச்சடிப்பதுபோல லைபோசோமைச் செய்ய முடியாது. எல்லாக் குமிழ்களும் 100 நானோமீட்டருக்குள் ஒரே சீராக இருக்க வேண்டும். கிருமி துளியும் இருக்கக் கூடாது. அதே சமயம் சூடு அதிகமானால் குமிழ் கெட்டுவிடும். பிறகு உறையவைத்து உலர்த்திப் பொடியாக்க வேண்டும். அந்தப் பொடியைக் கரைப்பதிலும் கவனம் தேவை. சலைன் பட்டால் திரிந்துவிடும் என்பதால், சர்க்கரை நோயாளிக்கும் டெக்ஸ்ட்ரோஸில்தான் கலந்து ஏற்றுகிறார்கள்.

இதனால் இந்த மருந்தைத் தயாரித்த நிறுவனங்கள் குறைவு. தேவையோ அபூர்வம் என்பதால், உற்பத்தியும் அளவோடுதான் நடந்தது. சில வாரங்களில் ஆயிரக்கணக்கானோருக்குத் தினமும் ஆறு குப்பிகள் என்றதும் கையிருப்பு காலியானது. மத்திய அரசு கூடுதல் நிறுவனங்களுக்கு அனுமதி அளித்தது, வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்தது. 2021 ஜூனில் இந்த மருந்துக்கான ஜி.எஸ்.டி முழுவதுமாக நீக்கப்பட்டது. அதற்குள் பல குடும்பங்கள் கண்ணையோ, உயிரையோ பறிகொடுத்திருந்தன.

உங்கள் வீட்டு மருந்து டப்பாவிலும்...

எர்கோஸ்டீராலுக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்க வேண்டாம். படர்தாமரைக்குப் போடும் குளோட்ரிமசோல், டெர்பினாஃபின் கிரீம்கள், ஃப்ளுகோனசோல் மாத்திரை எல்லாமே, பூஞ்சை எர்கோஸ்டீரால் தயாரிப்பதைத் தடுத்துத்தான் வேலை செய்கின்றன.

அரிப்பு நின்றதும் நாம் கிரீமை நிறுத்திவிடுகிறோம். மிச்சமிருக்கும் பூஞ்சை மறுபடி பரவும். இன்னும் மோசம், ஸ்டீராய்டு கலந்த கிரீமை டாக்டரிடம் கேட்காமல் வாங்கிப் பூசுவது. இரண்டே நாளில் அரிப்பு அடங்கிவிடும். ஆனால், ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பு சக்தியை அடக்குவதால் படர்தாமரை உள்ளுக்குள் பெருகும். டாக்டர் சொன்ன நாள் வரை மருந்து போடுவது முக்கியம்.

2022-ல் உலக சுகாதார நிறுவனம் முதல்முறையாக ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டது. 19 வகைகள் கொண்ட அந்தப் பட்டியலில், கறுப்புப் பூஞ்சைக் குடும்பம் 'அதிக முன்னுரிமை' பிரிவில் இருக்கிறது. மருந்துகளுக்கு அடங்காத பூஞ்சைகளும் பெருகிவருகின்றன. சவ்வில் எர்கோஸ்டீராலைக் குறைத்துக்கொண்டு ஆம்போடெரிசினிடமிருந்தே தப்பித்துவிடும் பூஞ்சைகளையும் விஞ்ஞானிகள் பார்த்திருக்கிறார்கள். பிடிப்பதற்கு எர்கோஸ்டீரால் இல்லையென்றால், மருந்துக்கும் வேலை இல்லை.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

கொரோனா அலை ஓய்ந்தாலும் கறுப்புப் பூஞ்சை ஓடிவிடவில்லை. அது மண்ணிலும், மக்கும் இலைதழைகளிலும் எப்போதும் இருப்பது. ஆரோக்கியமானவர்களை அது பொதுவாக ஒன்றும் செய்யாது. கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோய் உள்ளவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள்தான் உஷாராக இருக்க வேண்டும்.

முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வலி அல்லது வீக்கம், மூக்கடைப்போடு கறுப்பாகவோ ரத்தமாகவோ சளி, பொருள்கள் இரண்டாகத் தெரிவது, திடீரென்று மேல் பற்கள் ஆடுவது... இவற்றில் எது இருந்தாலும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல், அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். பூஞ்சை அரித்த திசுவை அறுவை சிகிச்சை செய்து அகற்ற வேண்டியிருக்கும். கூடவே சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இவை இரண்டும் சீக்கிரம் நடந்தால்தான், அந்தக் கொழுப்புக் குமிழ் மருந்தாலும் முழுப் பலன் தர முடியும்.